இரண்டு ரீகல்கள்

எட்மண்டனில் சில்வர் வீதி ஃபோர் வீதியைச் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுப்பர்மார்க்கற் இருக்கிறது. அரிசியும் பருப்பும் தமிழ்க்கடையில், பாலும் பாணும் இங்கே என்று நான் பல வருடங்களாகப் போய்வரும் இடம். எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலேய மூதாட்டி அதை ஒருபோதும் கடையின் பெயரால் சொன்னதில்லை. "ரீகலடிக்குப் போகிறேன்" என்ற மாதிரித்தான் சொல்வார். 1934இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 3,000 பேர் அமரக்கூடிய ரீகல் என்ற படமாளிகை அங்கே இருந்தது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் ஒரு ரீகல் இருந்தது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில், முற்றவெளிப் பக்கமாக, ஆங்கிலப் படங்கள் ஓடிய ரீகல்.

எமது சஞ்சிகைகள் சினிமாவைப் பற்றி நிறையவே எழுதியுள்ளன. ஆனால் எழுதியவை பெரும்பாலும் திரையில் ஓடியதைப் பற்றியவை. திரைக்கு முன்னால் யார், யாருக்குப் பக்கத்தில், எந்த உரிமையில் அமர்ந்திருந்தார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

எட்மண்டனிலிருந்தே தொடங்கலாம். ரீகலுக்கு முன்னரே இங்கு எம்பயர் என்றொரு அரங்கு இருந்தது. 1908இல் திறக்கப்பட்ட இசைக்கூத்து மண்டபம் அது. தொழிலாளரின் அன்புக்குரிய பாடகியான மேரி லொயிட் 1922 ஒக்ரோபர் 4ஆம் திகதி இங்கேதான் கடைசியாக மேடையேறினார். கடும் நோயுற்றிருந்தார், மேடையில் தள்ளாடினார். குடிகாரியின் வேடம் கட்டி ஆடும் பாட்டு அது என்பதால், தள்ளாட்டமும் நடிப்பென்று எண்ணிச் சபை விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று நாட்களில் அவர் இறந்துபோனார்.

அவருக்கு அஞ்சலி எழுதியவர்களில் கவிஞர் ரி.எஸ். எலியட்டும் ஒருவர். இசைக்கூத்தில் தொழிலாளி பாட்டில் தானும் சேர்ந்துகொள்கிறான், கலைஞரோடு கலையின் ஒரு பாதியாகிறான், சினிமாவோ அவனை மந்தமாக உட்கார வைத்துவிடும் என்பது அவர் வாதம். மேலிருந்து பார்க்கும் அறிவுஜீவியின் இந்தக் குரல் எமக்கும் பழக்கமானது. 'தென்னிந்தியக் குப்பை', 'மக்களின் அபின்' என்று நாமும் எழுதியிருக்கிறோம். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எலியட் கட்டடத்தைப் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் மாதிரி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1905இல் பிற்ஸ்பேர்க்கில் ஐந்து சதத்துக்குப் படம் காட்டிய சிறு கடைகளில் தொடங்கியது, 1927இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ 6,000 இருக்கைகள் கொண்ட ரொக்சி வரை வளர்ந்தது. இந்தச் சங்கிலிகளைக் கட்டியவர்களில் அடொல்வ் சூக்கரும் வில்லியம் பொக்ஸும் ஹங்கேரியில் பிறந்த யூதக் குடியேறிகள். கூரையில் வானமும் நட்சத்திரமும், சுவர்களில் ஸ்பானிய முற்றமும் அமைத்து அரங்கைக் கனவூராக்கிய ஜோன் எபர்சன், கிழக்கு ஐரோப்பாவின் செர்னோவிற்ஸில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். இங்கே லண்டனிலும் அப்படித்தான். வோல்தம்ஸ்ரோவிலும் ரூற்றிங்கிலும் கிரனாடா அரங்குகளின் உட்புறத்தை வடிவமைத்தவர், 1919இல் ரஷ்யாவை விட்டு வெளியேறிய நாடக நெறியாளர் தியோடர் கொமிசார்ஜெவ்ஸ்கி. எட்மண்டன் ரீகலில் ஓர்கன் வாசித்து இசைத்தட்டுகளால் புகழ்பெற்ற சிட்னி ரோர்ச், உக்ரேனிய யூதர் ஒருவரின் மகன். தங்கள் ஊரை இழந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும், வாடகை அறையில் வாழ்ந்த இன்னொரு கூட்டத்துக்குச் சில மணிநேர அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். சில பென்ஸுக்குக் கம்பளமும், சூடும், வெளிச்சமும். பிரித்தானியாவில் 1946இல் மட்டும் 160 கோடிக்கு மேற்பட்ட ரிக்கற்றுகள் விற்பனையாயின.

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கட்டடம் பெயரோடு வந்து சேர்ந்தது. வின்சர், வெலிங்டன், ரீகல் என்பன பேரரசின் பெயர்கள். ராஜா, ராணி, மனோகரா எங்கள் பெயர்கள். பெயர் எதுவானாலும் உள்ளே ஒரு புதிய விதி இருந்தது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, வாங்கும் சக்தி என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1980களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. இருந்தும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்கச் சொல்லி 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. தியேட்டர் வாசலில் அந்தப் போராட்டம் அவசியப்படவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. 1967 ஆக இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் கட்டடித்துவிட்டு நகரத் தியேட்டர் ஒன்றில் எம்.ஜி.ஆர் படம் பார்க்கப் போனேன். என்னிடம் இருந்த காசுக்குக் கலரிதான். இடைவேளையில் திரும்பிப் பார்த்தால், பல்கனியில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் காலுக்குமேல் கால்போட்டுக் கொண்டு இருக்கிறான். சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்து சொந்தக் காசில் வந்தவன். எங்கள் வீட்டுக் கிணற்றில் அவன் குடும்பம் தண்ணீர் அள்ளக்கூடாது. எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் அவனுக்கு வேறு பேணி. அவன் என்னைக் கண்டு சிரித்தான், நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நான் படத்துக்குப் போனது வெளிப்படுமே என்றுகூட யோசியாமல், பெரியப்பாவிடம் சொன்னேன். மறுநாள் அவன் தகப்பன் எங்கள் முற்றத்தில், தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பெரியப்பா என்ன சொன்னார் என்பதை இங்கு எழுதக் கூசுகிறது. அந்தப் பையன் பிறகு எங்கள் ஒழுங்கையால் வந்ததேயில்லை.

ஆகவே அரங்கின் சமத்துவத்தை நான் மிகைப்படுத்த மாட்டேன். அது வாசலோடு முடிந்துவிடும் சமத்துவம். இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: ரிக்கற் இருந்தால் எந்த நாட்டிலும் சமத்துவம் தானாக வந்துவிடாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் காசு கொடுத்தும் தனிவாசலால், தனிப்படியேறி, பல்கனியில்தான் இருக்கவேண்டும். எங்கள் ஊரில் கௌரவமாக இருந்த பல்கனி அங்கே ஒதுக்கிடம். அதை மாற்ற 1964இன் சிவில் உரிமைச் சட்டம் திரையரங்குகளையும் பெயர் குறித்துச் சொல்லவேண்டியிருந்தது. கொழும்பிலோ, சிங்கள சினிமாவையே வளர்த்தவர்களுள் ஒருவரான கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன.

பிறகு நடந்தது இரண்டு ஊர்களிலும் அழிவுதான்; காரணங்கள் வேறு. எட்மண்டனில் தொலைக்காட்சி வந்தது. எம்பயர் படமாளிகையாகி, கிரனாடா என்று பெயர் மாறி, 1970இல் இடிக்கப்பட்டது. ரீகல் 1972இல் படத்தை நிறுத்திப் பிங்கோ மண்டபமாகி, 1980களில் தரைமட்டமானது. யாழ்ப்பாணத்தில் கோட்டையைச் சுற்றிய சண்டைகளில் முற்றவெளிப் பகுதி சிதைந்தது. 1990இல் மின்சாரமும் நின்றது.

லண்டன் வந்த நாமோ வீடியோக் கசற்றோடு வீட்டுக்குள் ஒதுங்கினோம். 1995இலிருந்து 2014வரை அப்ரன் பார்க்கில், பழைய ஓடியன் கட்டடத்தில் இயங்கிய பொலின் போன்ற ஓரிரு இடங்கள் விதிவிலக்கு. கசற் பார்த்த வீட்டுக்கு யாரை அழைப்பது, யாரை அழைக்காமல் விடுவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்தார். கோயில்களை நாம் கட்டினோம், நல்லது. ஆனால் ஊர்ச் சங்கமும் கோயிலும் ஒருவரிடம் 'நீங்கள் எந்தப் பகுதி?' என்று கேட்கும் இடங்கள். ரிக்கற் கிழிப்பவன் அதைக் கேட்கவில்லை. புகலிடத்தில் சாதி மறைந்துவிட்டதென்று சொல்லும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கேள்வியைக் கேட்காத பொது இடம் ஒன்றையாவது நாம் இங்கு கட்டியிருக்கிறோமா?

யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களின் வரலாறு எழுதப்படவேண்டும். எந்த நடிகரின் படம் எத்தனை நாள் ஓடியது என்பது பலருக்குத் தெரியும். கலரிக்கு என்ன விலை, யார் எங்கே இருந்தார்கள், யார் வெளியே அதற்காக அடிவாங்கினார்கள் என்பதை எழுதக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். குறிப்பாக, எங்கள் முற்றத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் இதை எழுதவேண்டும். அவர்கள் எழுதுவது என் நினைவைப் பொய்யாக்கினாலும் வரவேற்பேன்.