தற்காப்புக் கலைகளில் ‘அடித்தளம்’ என்னும் கருத்தாக்கம்: சிலம்பத்தை முன்வைத்து

முன்னுரை

சாமளாபுரம் உள்ளிட்ட திருப்பூர் வட்டார விசைத்தறி, பின்னலாடை ஊர்களில் தற்காப்புக் கலை பயில விரும்பும் சிறார் முன் சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ ஆகியன இன்று ஒருசேர நிற்கின்றன. இவற்றுள் சிலம்பம் வேருள்ளது. ஏனையவை புதியவை, ஆதலின் அடித்தளம் அற்றவை என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. தொன்மைதான் அடித்தளமா, புதிய கலைகள் மரபுக் கலைகளுக்கு ஈடாக இயலுமா என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

தொன்மை என்னும் சான்று

காஞ்சியிலிருந்து சென்றவராகக் கருதப்படும் போதிதருமரே ஷாவோலின் மடத்துக்குப் போர்க்கலையை அளித்தார் என்பது தமிழகத்தில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் சான்றாகும். 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் இதனை மேலும் பரப்பியது. ஆயின் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறும் ‘யிஜின் ஜிங்’ என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டினது. சீன ஆய்வாளர் தாங் ஹாவோவும், 2008இல் ஷாவோலின் மடம் குறித்து நூல் வெளியிட்ட மெய்ர் ஷகாரும் இத்தொடர்பைப் பிற்காலப் புனைவாகவே காண்கின்றனர். எனவே சிலம்பத்தின் மதிப்பைப் பிறநாட்டுக் கலைகளின் தாய்மையில் நிறுவ முயல்வது வலுவற்ற வாதமாகும்.

‘மரபு’க் கலைகளின் அண்மைக் காலம்

இன்று மரபுக் கலையாக மதிக்கப்படும் கராத்தேயின் தற்கால வடிவம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. ஓகினாவாவில் இத்தோசு அங்கோ அதனைப் பள்ளிப் பாடமாக்கினார். சிறாருக்கு ஏற்ற ‘பினான்’ பயிற்சி வரிசைகளை வகுத்தார். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் அதனைத் தோக்கியோவில் அறிமுகப்படுத்தினார். கறுப்புப் பட்டை முறை ஜூடோவிடமிருந்து பெறப்பட்டது.

ஜூடோவும் ஒருகாலத்தில் புதிய கலையே. 1882இல் கோடோகனை நிறுவிய காணோ ஜிகோரோ, பழைய ஜுஜுத்சுவின் தீங்கு மிக்க உத்திகளைத் தடையிலாப் பயிற்சியிலிருந்து நீக்கினார். அதனால் மாணவர் நாள்தோறும் முழு வலிமையுடன், எதிர்க்கும் துணைவரோடு பயில இயன்றது. உத்திகளின் எண்ணிக்கை குறைந்தது. பயிற்சியின் மெய்ம்மை மிகுந்தது. 1964இல் ஜூடோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. போர்த்திறன் அளவில் புதியதொரு கலை பழையதற்கு ஈடாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

சிலம்பத்தின் இரு அடித்தளங்கள்

சிலம்பத்தின் அடித்தளத்தை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது உடற்பயிற்சி சார்ந்தது: காலடி, வீச்சு, தடுப்பு, எதிராளியோடு கம்பு மோதிப் பழகுதல். நெற்றியளவு கம்பைக் கையாள்வதற்குக் கைவலிமையினும் காலடியே முதன்மை. இப்பயிற்சியை எக்கலையும் தன் வழியில் உருவாக்கிக்கொள்ள இயலும்.

இரண்டாவது அறிவுமரபு சார்ந்தது. தென்தமிழகத்து ஆசான் மரபில் அடிக்கும் முறையும் அடிபட்டதை ஆற்றும் முறையும் ஒருவரிடமே அமைந்தன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைக் கணக்கிடும் அறிவு சித்த மருத்துவத்தோடு பிணைந்தது. தாக்கத் தெரிந்தவன் ஆற்றவும் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் அறம். சில பத்தாண்டுகளில் வகுக்கப்படும் பாடத்திட்டம் இத்தகைய பிணைப்பை எளிதில் உருவாக்கிவிடாது.

இன்றைய சிக்கல்

தமிழக அரசின் 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டுள்ளது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது உண்மையான வாய்ப்பாகும். அதேவேளை தொடுபுள்ளிக்கும் தனித்திறன் வீச்சுக்கும் மதிப்பெண் வழங்கும் போட்டிமுறையில் வர்ம மருத்துவத்துக்கு இடமில்லை. மதிப்பெண் பெறாத பகுதி பயிற்சியிலிருந்து படிப்படியாக விலகும். அவ்வாறு விலகின் சிலம்பமும் பெயரளவில் பழையதாய், அமைப்பளவில் புதியதாய் மாறும்.

முடிவுரை

புதிய கலைகள் மெய்யான பயிற்சிமுறையைக் கைக்கொண்டால் முதல் அடித்தளத்தில் மரபுக் கலைகளுக்கு ஈடாகும். காலம் அதற்குத் தடையன்று. இரண்டாம் அடித்தளத்தில் மரபுக் கலைகளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. எனினும் அது தொன்மையால் தானே நிலைப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் கற்பித்தால் மட்டுமே நிலைக்கும். ஆகவே மரபுக்கலை ஆசிரியர்முன் உள்ள வினா, புதியவை தமக்கு ஈடாகுமா என்பதன்று. தம்மிடமுள்ளதில் எவ்வளவைத் தம் மாணவருக்குக் கையளிக்கின்றனர் என்பதேயாகும்.