காத்திருப்பு தகுதியாகுமா? தமிழக வேலைவாய்ப்பு அலுவலகமும் நெடுநாள் வேலையின்மையும்

தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களின் உயிர்ப்பதிவேட்டில் இருப்போர் எண்ணிக்கையை அரசு வயதுவாரியாக வெளியிட்டு வருகிறது. 2023இல் அந்த எண்ணிக்கை 60 லட்சத்துக்கும் மேல். பட்டியலின் கடைசி வரியில் 60 வயதைக் கடந்தவர்களும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதோ 2021 முதல் 60. பணியிலிருந்து ஓய்வு பெறும் வயதிலும் பணிக்காகப் பதிந்த பெயர் நீங்காமல் இருக்கிறது.

இந்த ஒரு வரி நம் வேலைவாய்ப்புக் கொள்கையின் அடிப்படைக் குறை ஒன்றைக் காட்டுகிறது. நெடுநாள் வேலையின்மை அரசு தலையிட்டுத் தீர்க்க வேண்டிய பாதிப்பு. நம் அமைப்பு அதைப் 'பதிவு மூப்பு' (முன்னால் பதிந்தவருக்கு முன்னுரிமை) என்ற தகுதியாகக் கணக்கிட்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டது. இந்த அணுகுமுறை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரிசையின் வரலாறு

இந்திய வேலைவாய்ப்புச் சேவை 1945 ஜூலையில், போர்முனையிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித் தரத் தொடங்கப்பட்டது. 1948இல் அதன் கதவு எல்லோருக்கும் திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் அதன் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், பொதுத்துறை நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்லிவிட்டது. ஹர்கோபால் வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், அலுவலகத்திடம் பெயர்ப் பட்டியல் கேட்பதோடு பத்திரிகை விளம்பரமும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சம வாய்ப்பின் நோக்கில் அது சரியான தீர்ப்பு. ஆனால் மூப்பு வரிசையின் பிடி அத்துடன் தளர்ந்தது. தமிழகத்தில் 2006–11 காலத்தில் ஆசிரியர் நியமனங்கள் பதிவு மூப்பின்படி நடந்தன. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தபின் அந்த வழியும் குறுகியது.

வழி குறுகியபோதும் பதிவு குறையவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வழங்கும்போது பள்ளியிலேயே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. பதிவு அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூப்பு போய்விடும். அப்படித் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது 'சிறப்புப் புதுப்பித்தல் சலுகை' அறிவிக்கிறது. எத்தனையோ வீடுகளில் ரேஷன் அட்டையும் சாதிச் சான்றிதழும் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள்தான் இந்த அட்டையும் இருக்கிறது. மகளுக்குத் திருமணமாகி வேறு ஊர் போனபின்பும், 'ரினிவல் பண்ணியாச்சா?' என்று தந்தை தொலைபேசியில் கேட்பார்.

இதன் விளைவாகப் பதிவேட்டில் பதினைந்து வயது மாணவரும், வேறு வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்குக் காத்திருப்பவரும், பத்தாண்டாகச் சம்பளமே காணாதவரும் ஒன்றாக நிற்கிறார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் வேலையின்றி இருப்பதையே நெடுநாள் வேலையின்மை என்று உலகளவில் வரையறுக்கிறார்கள். நம் பதிவேட்டைக் கொண்டு அப்படிப்பட்டவர்களைப் பிரித்தறிய முடியாது.

வரிசையின் நியாயம்

பதிவு மூப்பை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்கும் கையூட்டுக்குப் பணம் இல்லாதவனுக்கும் வரிசைதான் பாதுகாப்பு. முன்னால் பதிந்தவனுக்கு முன்னுரிமை என்ற விதி யாருக்கும் புரியும். பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத கிராமத்துப் பெண் போட்டித் தேர்வைவிட அதை நம்பியதில் நியாயம் உண்டு. இருக்கும் ஓர் இடத்தைப் பலருக்குள் நேர்மையாகப் பங்கிட வரிசை உதவும். இடமே இல்லாதபோது அதனால் எதையும் பங்கிட முடியாது.

இடம் வருவதற்குள் காத்திருப்பு ஆளைக் கரைத்துவிடுகிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் ஊரின் ஆலை 1930ஐ ஒட்டி மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கு நடத்திய ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலை போனால் படிக்க நேரம் கிடைக்கும் என்றுதான் நினைப்போம். அந்த ஊர் நூலகத்திலோ கட்டணத்தை நீக்கிய பின்பும் இரவல் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது. பகல் எப்படிக் கழிந்தது என்று கேட்டால் அவர்களால் கணக்குச் சொல்ல முடியவில்லை. முதலாளிகளின் பார்வையும் காலத்தோடு மாறுகிறது. அமெரிக்காவில் ஆய்வுக்காக அனுப்பப்பட்ட கற்பனை விண்ணப்பங்களில், வேலையின்றி இருந்த மாதங்கள் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன என்று குரோஃப்ட் குழுவினர் 2013இல் காட்டினார்கள்.

இப்படியிருக்க, தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையைப் பெற, பொதுப் பிரிவினர் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300 ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு. பாதிப்பு முற்றிய பிறகே கை நீட்டும் விதி இது.

இரண்டு சோதனைகள்

நெடுநாள் வேலையின்மையைக் குறைக்க பிரிட்டன் 2011இல் தொடங்கிய 'வொர்க் புரோகிராம்' திட்டத்தில், ஆளை வேலையில் அமர்த்தி நிலைக்கச் செய்தால்தான் தனியார் ஒப்பந்ததாரருக்குப் பெரும்பகுதிப் பணம். முதற்கட்டத்தில் நிலையான வேலை பெற்றவர்கள் 3.5 சதவீதம் மட்டுமே. குறைந்தபட்ச இலக்கோ 5.5. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவரைக் கவனித்து, நோயாளியையும் முதியவரையும் ஒதுக்கி வைக்கும் போக்கு அதில் வளர்ந்தது.

2020 அக்டோபரில் ஆஸ்திரியா வேறு வழியைச் சோதித்தது. இடம் அதே மரியந்தால். ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்தவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி, பிறகு உறுதியான வேலை. தனியார் நிறுவனம் எடுத்தால் கூலிக்கு அரசு மானியம், இல்லையென்றால் சமூக நிறுவனத்தில் பணி. சேர்வது அவரவர் விருப்பம். காஸி, லேனர் ஆகியோரின் ஆய்வில் அந்த ஊரின் நெடுநாள் வேலையின்மை ஏறக்குறைய இல்லாமல் போனது. பங்கேற்றோரின் வருமானமும் நாளொழுங்கும் பிறரோடு உறவும் மேம்பட்டன. உடல்நலத்தில் தெளிவான மாற்றம் இல்லை. சிற்றூர்ச் சோதனையை அப்படியே இங்கு நட முடியாது. ஆயினும் தொண்ணூறு ஆண்டுக்கு முன் அதே ஊரில் ஓய்ந்துபோனவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஓராண்டுக்கு மேல் ஊதியமின்றி இருப்போரை ஆண்டுதோறும் சுய உறுதிமொழி பெற்றுத் தனிப் பட்டியலாக்க வேண்டும். இரண்டாவதாக, உதவித்தொகைக்கான ஐந்தாண்டு நிபந்தனையை ஓராண்டாக்கி, தொகையை வாழ்க்கைச் செலவோடு இணைக்க வேண்டும். மூன்றாவதாக, உள்ளாட்சிகள் வழியாகக் கூலி மானியத்துடன் விருப்பப் பணித் திட்டத்தை ஒரு மாவட்டத்திலாவது சோதிக்க வேண்டும். பதிவேட்டில் எத்தனை பேர் என்பதோடு, எத்தனை பேர் வேலை கிடைத்து வெளியேறினார்கள் என்பதையும் அரசு மாதந்தோறும் சொல்ல வேண்டும்.

பதிவு அட்டையில் இருக்கும் தேதி அரசு ஒரு குடிமகனுக்குக் கடன்பட்ட நாள். அந்தக் கடனை அவர் அறுபதைத் தொடுமுன் தீர்க்க வேண்டும்.