விண்கலத்தில் குடிநீர்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1975இல் சோவியத்தின் சல்யூட் 4 நிலையம், வியர்வையும் மூச்சும் காற்றிற் கலந்த ஈரத்தை ஒடுக்கிக் குடிநீராக்கிற்று. கிருமிநீக்கத்திற்குச் சோவியத் மரபு வெள்ளியையும், அமெரிக்க விண்ணோடங்கள் அயடீனையும் கைக்கொண்டன. பனிப்போரின் பின் இவ்விரு மரபுகளும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அருகருகே நீடித்தமை சுவையான முரண்பாடே.

2008இல் அங்கு சிறுநீரை மீட்கும் தொகுதி நிறுவப்பட்டது. 2010இல், மீட்ட நீரின் மொத்தச் சேதனக் காபன் உயர்வதை அங்கிருந்த கருவி காட்டிற்று. எவ்வளவு என்று கூறிய அக்கருவியால் எது என்று கூற இயலவில்லை. பூமிக்குக் கொணர்ந்த மாதிரிகளிலேயே டைமெதில்சிலேன்டயோல் என்ற சிலிக்கன் சேர்வை இனங்காணப்பட்டது. அதன் மூலங்களுள் பயணிகளின் உடற்சுத்திப் பொருள்களும் அடங்கும்! நீரை நுகர்வோரே அதன் மாசுக்கும் ஒருவகையில் உற்பத்தியாளராயினர். செவ்வாய்ப் பயணத்திலோ மாதிரியைப் பூமிக்கு அனுப்பிக் காத்திருத்தல் சாத்தியமன்று. ஆய்வுகூடமே கலத்தினுட் செல்லவேண்டும்.