படிக்கப்படும் பாடம், இயங்கும் பாடம்

1984இல் அச்சான தம் டூரிங் விருது உரையில் கென் தாம்ப்சன் ஓர் ஐயத்தை எழுப்பினார். மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும், அதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் களங்கப்பட்டிருந்தால் அந்தப் படிப்பு நம்மைக் காக்காது என்றார். 1997இல் எரிக் ரேமண்ட் முன்வைத்த வாதமோ நம்பிக்கை மிக்கது: பல கண்கள் பார்க்கும் நிரலில் பிழை நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது. திறந்த மூல நிரலின் பாதுகாப்பு வரலாறு இவ்விரு கூற்றுகளுக்கும் இடையில்தான் நகர்ந்திருக்கிறது.

2012 மார்ச்சில் வெளியான ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில், வரும் செய்தி தன் நீளமாகச் சொல்வது மெய்தானா என்று சரிபார்க்கும் சோதனை விடுபட்டிருந்தது. அவ்வழியே சர்வர்களின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களும் மறையாக்கச் சாவிகளும் கசியக்கூடும். ஹார்ட்பிளீட் எனப் பெயர் பெற்ற அப்பிழை 2014 ஏப்ரலில்தான் உலகறிய வந்தது. இரண்டாண்டுகள் நிரல் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அத்திட்டத்தில் முழுநேரம் உழைத்தவரோ ஒருவரே. யாரும் படிக்கலாம் என்பது வேறு, யாரேனும் படித்தார்கள் என்பது வேறு.

தாம்ப்சனின் ஐயத்துக்கு அருகில் நம்மைக் கொண்டுசென்றது 2024இன் எக்ஸ்இசட் நிகழ்வு. கோப்புகளைச் சுருக்கும் அந்நிரலைத் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் திருத்தங்கள் அனுப்பலானார். 2022இல், பணி மெதுவாக நடக்கிறதென்று வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு நெருக்குதல் வந்தது. பொறுப்பு மெல்லப் புதியவர் கைக்கும் சென்றது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு நுழைந்தது.

சுவடிப் பதிப்பு பயின்றோர் இங்கே கவனிக்கவேண்டியது ஒரு பாடபேதத்தை. தீய நிரல் சோதனைக் கோப்புகளின் வேடத்தில் பொதுக் களஞ்சியத்திலேயே இருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகளோ பதிவிறக்கத்துக்கு வைத்த பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தைப் படித்தவர் ஒரு பாடத்தைப் படித்தார். கணினி இன்னொன்றை இயக்கியது. தொலைக்கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மார்ச் 29 அன்று இதை வெளிப்படுத்தினார்.

ஒரே மூலத்திலிருந்து பலரும் தனித்தனியே உருவாக்கி, விளைவு பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் முறை இன்று வலுப்பெற்றுவருகிறது. மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடும் வழக்கமும் பரவுகிறது. இரண்டும் தேவை. ஆயினும் அப்பட்டியலில் பதிப்பு எண்ணுக்கு அருகே இன்னொரு பத்தியும் வேண்டும்: இதைப் பராமரிப்போர் எத்தனை பேர், அவர்களின் உழைப்புக்கு யார் ஊதியம் தருகிறார்கள்? எக்ஸ்இசட்டில் முதலில் உடைந்தது நிரலன்று. தனித்து விடப்பட்ட ஒரு மனிதரின் பொறுமை.