வீட்டு வைன்

வீட்டு வைன் என்பது திராட்சைச் சாற்றை வீட்டிலேயே நொதிக்கச் செய்து பெறப்படும் மதுபானம் ஆகும். தென்னிந்தியாவில் கேரளக் கிறித்தவர், ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் கிறிஸ்துமசுக்கு முன் இதனை ஆக்கும் வழக்கம் உண்டு.

செய்முறை

தமிழகத்தில் எளிதிற் கிடைப்பது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் வகையான இது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கழுவி உலர்த்தி மசித்த பழத்தைச் சர்க்கரையுடன் பீங்கான் சாடியில் இட்டு வைப்பர். மதுவம் (ஈஸ்ட்) சர்க்கரையை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு எத்தனால் உண்டாகும். இக்கணக்கைக் கொண்டே அவரவர் விரும்பும் செறிவை அமைத்துக்கொள்ளலாம். மணத்திற்குக் கிராம்பு, பட்டை சேர்ப்பாரும் உளர். வாயு வெளியேற வழி விட வேண்டும். நொதித்தல் முடியுமுன் புட்டியில் இறுக அடைப்பதே புதியவர் செய்யும் பெரும்பிழை, புட்டி வெடித்துவிடும். மாறாக, காற்று மிகுதியாகப் பட்டால் வைன் புளித்துக் காடியாகும்.

சட்டநிலை

புதுச்சேரி மூலக்குளத்தில் வசிப்பவர் கடையில் வைன் வாங்கத் தடையில்லை. ஆனால் மது ஆக்குவதற்குப் புதுச்சேரி கலால் சட்டம், 1970இன்படி உரிமம் தேவை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பொருந்தும். விற்பனைக்கன்று, விருந்துக்கே என்பது தக்க விடையாகாது. அமெரிக்க நடுவண் சட்டமோ, வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 கேலன் (ஏறத்தாழ 757 லிட்டர்) வரை வரியின்றி அனுமதிக்கிறது, விற்கலாகாது.