பெரியாஸ்பத்திரிக்குப் போனால் மௌத்தா? 1869இல் நடந்த ஒரு கணக்குச் சண்டை



போன கிழமை ஒரு ஜனாஸா வீட்டில் ஒருவர் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்கு ஒப்பரேஷனுக்குப் போறவங்க திரும்பி வாறல்ல. நம்மட ஊர் ஆஸ்பத்திரியில யாரும் அப்படி மௌத்தாகல்ல." பக்கத்தில் இருந்த தம்பி, தன் வாப்பாவின் ஒப்பரேஷனை நிறுத்தப் போவதாகச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதே பேச்சு 150 வருடங்களுக்கு முன் பிரித்தானியாவில் பெரிய சண்டையாக நடந்தது. தொடங்கி வைத்தவர் எடின்பரோ வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்சன். 1847இல் குளோரோபோமை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்தியவர். கை, கால் துண்டிக்கும் சத்திரசிகிச்சையின் முடிவுகளைக் கேட்டு அவர் நாட்டுப்புற வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதினார். 1869இல் வெளியிட்ட கணக்கு இது: நாட்டுப்புறத்தில் 2,098 பேரில் 226 பேர் இறந்தனர், நூற்றுக்கு 11. பெரிய ஆஸ்பத்திரிகளில் 2,089 பேரில் 855 பேர் இறந்தனர், நூற்றுக்கு 41!

பெரிய கட்டடங்களே கொல்கின்றன, சிறு சிறு குடில்களாகக் கட்டுங்கள் என்றார் சிம்சன். லண்டனில் திமொதி ஹோம்ஸ் போன்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் எதிர்த்தார்கள். எங்களிடம் வருபவர்களும் கிராமத்து நோயாளிகளும் ஒரே நிலையிலா இருக்கிறார்கள்? கிராமத்து வைத்தியர்கள் தந்த கணக்கு சரியென்று யார் பார்த்தது? இவைதான் அவர்கள் தரப்புக் கேள்விகள்.

கரும்பலகைக் கணக்காகப் பார்ப்போம். சிறிய ஆஸ்பத்திரியில் 100 பேர்: 90 பேர் இலேசான நோயாளர், 1 மரணம், 10 பேர் கடுமையான நோயாளர், 2 மரணம். மொத்தம் 3. பெரிய ஆஸ்பத்திரியிலும் 100 பேர்: 20 பேர் இலேசு, மரணம் இல்லை, 80 பேர் கடுமை, 8 மரணம். மொத்தம் 8. பார்வைக்குப் பெரியது மோசம். ஆனால் கடுமையான நோயாளரை மட்டும் பாருங்கள்: சிறியதில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், பெரியதில் பத்தில் ஒருவர்தான். ஆஸ்பத்திரியின் தரமும் வந்தவரின் நிலையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம். நம்மூரில் முடியாதென்று அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பப்படுபவர் வபாத்தானால், அந்த மரணம் யாருடைய கணக்கில் விழுகிறது?

ஆனால் சிம்சனை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. அவர் கை வேறு, கால் வேறு, தொடை வேறு என்று பிரித்தும் பார்த்தார். அப்போதும் வித்தியாசம் போகவில்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் காயம் அழுகி இறப்பது உண்மையிலேயே அதிகம். குற்றம் கட்டடத்தின் அளவில் இல்லை. கழுவாத கைகளிலும் கருவிகளிலும் இருந்தது. காபோலிக் அமிலம் கொண்டு காயத்தைக் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867இலேயே வெளியிட்டிருந்தார். பலர் அதை இன்னும் ஏற்கவில்லை.

"எங்களுக்கு வருவது கஷ்டமான கேஸ்" என்ற பதில் சில வேளை உண்மை, சில வேளை மறைப்பு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய சத்திரசிகிச்சையில் மரணங்கள் கூடியபோது இதே சமாதானம் சொல்லப்பட்டது. மயக்க மருந்து வைத்தியர் ஸ்டீபன் போல்சின் விடாமல் கேள்வி எழுப்பினார். 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இறந்திருந்ததை 2001இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது.

ஆகவே வதந்தியையும் நம்ப வேண்டாம், கேள்வி கேட்பதையும் விட வேண்டாம். வைத்தியரிடம் கேளுங்கள்: "எங்கட வாப்பாவின் வயது, சீனி, இதயம் எல்லாம் பார்த்தால், இவரைப் போன்றவருக்கு இந்த ஒப்பரேஷனில் ஆபத்து எவ்வளவு? செய்யாமல் விட்டால் எவ்வளவு?" விசாரிக்காமல் செய்தி பரப்புவதை நமது மார்க்கமும் தடுத்திருக்கிறது.

அந்தத் தம்பி நேற்று வைத்தியரைச் சந்திக்கப் போயிருக்கிறார். அவரது வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.