பழைய ஒலிபெருக்கிகளின் சாட்சியம்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் இசையை எவ்வாறு கேட்டார்கள் என்று அறிய விரும்புகிறவனுக்கு மூன்று சான்றுகள் உண்டு. இசைத்தட்டு ஒன்று, அக்காலத்தார் எழுதி வைத்த அபிப்பிராயம் மற்றொன்று, தட்டில் அடங்கிய ஓசையை வெளிப்படுத்திய ஒலிபெருக்கி மூன்றாவது. முதலிரண்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. மூன்றாவது சான்றோ, வைத்த இடத்திலேயே இருந்துகொண்டு, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் மாறிவிடுகிறது. அம்மாறுதலைப் பற்றியும், அதனைச் சீர்செய்ய முற்படுவோர் மறத்தலாகாத ஒரு கடமையைப் பற்றியும் நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவரும் கம்பிச்சுருளால் அசைக்கப்படும் கூம்பு ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. ஆயினும் ஒரே கூம்பு எல்லா ஒலியையும் செம்மையாகத் தருதல் அரிது. தாழ்ந்த சுருதிக்கு அகன்ற கூம்பு வேண்டும். உயர்ந்த சுருதிக்குச் சிறியதும் எடை குறைந்ததுமான ஒன்று வேண்டும். ஆகவே வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது அவசியமாயிற்று.

பங்கிடும் உபாயம் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. ஒரே கம்பியில் செல்லும் பல அலைகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியை ஜார்ஜ் காம்பெல் என்பவர் உருவாக்கி, 1917இல் காப்புரிமை பெற்றார். கம்பிச்சுருள் தாழ்ந்த அதிர்வுகளுக்கு வழிவிட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். கண்டென்சர் என்னும் மின்தேக்கி இதற்கு நேர்மாறு செய்யும். இவ்விரண்டையும் இணைத்தால் ஒலியைப் பிரித்து அனுப்பும் வாயிற்காவலன் கிடைத்துவிடுகிறான். கிராஸ் ஓவர் என்று வழங்கும் பிரிப்புச் சுற்று இதுவே. 1930க்குப் பிந்திய ஆண்டுகளில் திரைப்பட அரங்குகளில் வேரூன்றிய இம்முறை, பின்னர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

இனி, ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எட்கார் வில்ச்சர் என்பவர் ஹென்ரி க்ளாஸ் என்பவருடன் சேர்ந்து 1954இல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, பெரிய பெட்டிகளுக்கே உரியதென எண்ணப்பட்ட ஆழ்ந்த ஒலியை அவர் வரவழைத்தார். 1958இல் வெளிவந்த ஏ.ஆர்.-3 என்னும் பெட்டியில், 12 அங்குலக் கூம்புக்குத் துணையாகக் குவிமாடம் போன்ற இரண்டு சிற்றொலிபெருக்கிகள் அமைந்தன. கம்பெனியார் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவினரை மேடையேற்றி, அவர்கள் நேரில் வாசிப்பதையும், முன்பே பதிவான அவர்களுடைய வாசிப்பு இப்பெட்டிகளின் வழியே ஒலிப்பதையும் மாறி மாறிக் கேட்கச் செய்தனர். எது கலைஞரின் ஒலி, எது பெட்டியின் ஒலி என்று பிரித்தறிய இயலாமல் பலர் திகைத்தனர். 1967இல் ஏ.ஆர்.-3ஏ என்னும் திருத்திய வடிவம் வந்தது.

இப்பெட்டிகளில் ஒன்றை இன்று முதன்முறையாகக் கேட்கும் இளைஞர் ஒருவர், "இதையா அவ்வளவு புகழ்ந்தார்கள்? போர்வையைப் போட்டு மூடியது போல் ஒலிக்கிறதே!" என்று சொல்லக்கூடும். அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்பது 1967ஆம் ஆண்டின் ஒலி அன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட முதுமையின் ஒலி. நோயுற்ற சாட்சியின் வாக்கை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் செவியையே மந்தமென்று தீர்ப்பளிப்பது நியாயமாகுமோ?

முதுமை புகும் வழிகள் இரண்டு. ஏ.ஆர்.-3ஏ பெட்டியின் சுற்றில் 150, 50, 6 மைக்ரோபாரட் அளவுள்ள மூன்று கண்டென்சர்கள் உள்ளன. கம்பிச்சுருள்கள் செம்பாலானவை, அவை எளிதில் கெடுவதில்லை. கண்டென்சர்களின் நிலை வேறு. இரசாயனத் திரவத்தில் தோய்ந்த வகையானால், ஆண்டுகள் செல்லச் செல்ல அத்திரவம் வறண்டு, உள்ளே மின்தடை ஏறுகிறது, கொள்ளளவும் மாறுகிறது. ஒரே ஒரு கண்டென்சர் மட்டும் காவல் நிற்கும் எளிய சுற்றில் அதன் கொள்ளளவு பாதியானால், உயர்ந்த சுருதிக்குரிய ஒலிபெருக்கி ஒலிக்கத் தொடங்கும் எல்லை இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். அதாவது ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். இடையிலுள்ள ஸ்வரங்கள் ஆதரவற்றுப் போகின்றன. மேலும், ஜோடிப் பெட்டிகள் இரண்டும் ஒரே அளவில் முதுமை அடைவதில்லை. நான் அளந்து பார்த்தவற்றில் இடமும் வலமும் ஒத்திருந்தவை சிலவே.

இரண்டாவது வழி, பெட்டியின் பின்புறத்திலுள்ள இரண்டு திருகுகள். நடுச் சுருதியையும் மேல் சுருதியையும் கூட்டவும் குறைக்கவும் வைத்த இவற்றினுள், உலோகப் பரப்பில் களிம்பு பிடித்துத் தொடர்பு அறுந்துபோகிறது. சிற்றொலிபெருக்கி எரிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் அதனைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். குற்றமற்றவனுக்குத் தண்டனை கிடைத்தது போலத்தான். களிம்பைத் துடைத்தாலே குரல் திரும்பிவிடுவதும் உண்டு.

செப்பனிடும் முறை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். பெரிய கூம்பைக் கழற்றி, உள்ளே அடைத்த கண்ணாடிப் பஞ்சை எடை குறையாமல் எடுத்து வைத்து, கம்பிகள் எங்கெங்கே சேர்கின்றன என்று படம் வரைந்துகொள்ள வேண்டும். கண்டென்சரின் ஒரு முனையைப் பற்றிலிருந்து விடுவித்து அளக்க வேண்டும். கெட்டதற்குப் பதிலாக அதே அளவுள்ள புதியதை இரண்டு பெட்டிகளிலும் ஒருங்கே பொருத்த வேண்டும். முடிவில் பஞ்சை முன்போலவே நிரப்பி, கூம்பின் விளிம்பில் காற்றுக் கசியாதபடி மெழுகுப்பசை இட்டு மூட வேண்டும். காற்று கசிந்தால் வில்ச்சர் அமைத்த வில்லே இல்லாமற் போகும்.

இவ்விடத்தில்தான் நான் முதலில் குறிப்பிட்ட கடமை வருகிறது. இன்று கடைகளில் விலையுயர்ந்த பிளாஸ்டிக் படலக் கண்டென்சர்கள் கிடைக்கின்றன. அவற்றின் உள்தடை மிகக் குறைவு. பழையதன் இடத்தில் அவற்றை வைத்தவுடன் மேல் சுருதி சற்றே எடுப்பாக ஒலிக்கலாம், செப்பனிட்டவர் மகிழ்ந்துபோவார். ஆனால் ஏ.ஆர். பெட்டிகள் புதியனவாக இருந்த நாளிலேயே அடக்கமான ஒலியுடையவை என்று பெயர் பெற்றவை. 1970இல் வந்த ஜே.பி.எல். எல்-100 போன்ற பெட்டிகளின் முனைப்பான ஒலியோடு அவற்றை ஒப்பிட்டு, அமெரிக்காவின் கிழக்குக் கரை ஒலி, மேற்குக் கரை ஒலி என்று ரசிகர்கள் இரு கட்சியாக நின்று வாதாடினார்கள். ஆகவே, அந்த அடக்கத்தில் ஒரு பகுதி முதுமையால் வந்தது. மற்றொரு பகுதி அதைப் படைத்தவர் வேண்டுமென்றே வைத்தது. முன்னதை நீக்கலாம், பின்னதைத் தொடலாகாது. படலக் கண்டென்சரை வைத்தே தீரவேண்டுமானால், பழையது புதிதாயிருந்தபோது கொண்டிருந்த உள்தடைக்கு ஈடாக ஒரு சிறு தடையையும் சேர்த்துவிட்டால் நியாயம் ஓரளவு காக்கப்படும்.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், செல்லரித்த எழுத்தை ஊகித்து நிரப்புவார். அழகாயிருக்கிறதென்று தம் சொந்தச் சொல்லை ஆசிரியர் வாயில் வைக்கமாட்டார். வைத்தாரானால் அது பதிப்பன்று; புதிய நூல். ஒலிபெருக்கியைச் செப்பனிடுவோருக்கும் இதுவே இலக்கணம். கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு பையில் இட்டு, அளந்த கணக்குகளைக் காகிதத்தில் எழுதி, அப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. நமக்குப் பின் வருபவர் திறந்து பார்த்து, இவ்வளவு பழையது, இவ்வளவு புதியது என்று தாமே தெளிந்துகொள்வார். சாட்சிக்கு மருத்துவம் செய்யலாம். வாக்குமூலத்தைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.